அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம்

18 ஏப்ரல் 2025: கேள்வி

என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினான். கணிதத் தாளில் கடைசி எட்டு மதிப்பெண் வரைபடத்தை முடிக்க நேரம் போதவில்லை என்று அழுதுகொண்டே வெளியே வந்தான். அதே மையத்தின் தரைத்தளத்தில் ஒரு மாணவிக்கு ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து எழுதிக்கொடுத்தார். போதாததற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கொடுத்தார்கள். இரக்கம் வேறு, தேர்வு வேறு. எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே கடிகாரம் என்பதுதானே தேர்வு? உதவித்தொகை கொடுக்கட்டும், வேலையில் இட ஒதுக்கீடு கொடுக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. மதிப்பெண்ணில் எதற்குக் கை வைக்க வேண்டும்?

19 ஏப்ரல் 2025

அந்தத் தரைத்தள அறையில் அமர்ந்து எழுதியவர் நானாகவும் இருந்திருக்கலாம். இந்த ஆண்டு இல்லை. நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. அதற்கு முன், திருநெல்வேலி மாவட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, பார்வையற்ற மாணவர்களுக்குச் ‘சொல்வதை எழுதுபவராக’ என்னைப் பதினொரு முறை அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இந்தச் சலுகை எப்படிச் செலவாகிறது என்பதை நிமிடக் கணக்காகச் சொல்ல என்னால் முடியும்.

உங்கள் மகனுக்கு வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம், முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், அதன்பின் எழுத மூன்று மணி நேரம். ஒரு வினா பிடிக்கவில்லை என்றால் அவனுடைய கண் அடுத்ததற்குத் தாவிவிடும். நான் எழுதிக்கொடுத்த மாணவிக்கு அந்தத் தாவல்கூட என் வாய் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஒரு முறை சமூக அறிவியல் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. எந்த வினாவை எடுப்பது, எதை விடுவது என்று அவள் முடிவு செய்வதற்காக விருப்ப வினாக்களை மட்டும் மறுபடி வாசித்ததில் இன்னும் ஒன்பது நிமிடம் போயிற்று. பிறகு அவள் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் கட்டி முடித்துச் சொல்ல வேண்டும்; நான் எழுதி முடிக்கும் வரை அடுத்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்; இரண்டு பத்திக்கு ஒரு தடவை, “கடைசியா என்ன சொன்னேன் சார்?” என்று கேட்க, நான் வாசித்துக் காட்ட வேண்டும். நான் வேகமாக எழுதுபவனும் அல்லேன். உங்கள் மகனுடைய மூன்று மணி நேரத்தில் அவன் மட்டும் இருந்தான். அவளுடைய நான்கு மணி நேரத்தில் என் வாயும் என் கையும் பங்கு கேட்டுக்கொண்டிருந்தன.

20 ஏப்ரல் 2025

திருத்தம். பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று இல்லை, ஒன்பது முறைதான். இரண்டு முறை ஆணை வந்து, மாணவர் தேர்வுக்கே வராததால் வெறும் கையோடு திரும்பியிருக்கிறேன். அவர்கள் ஏன் வரவில்லை என்று அன்றைக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று மகிழ்ந்ததாகத்தான் ஞாபகம்.

23 ஏப்ரல் 2025

“எழுதுவது ஆசிரியர் என்றால் எழுத்துப்பிழையே வராதே, அது கூடுதல் ஆதாயம் இல்லையா?” என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

தமிழ்த் தாளில் ஒரு மாணவி ‘மறம்’ என்று சொன்னாள். புறநானூற்றைப் பற்றிய விடை. நான் ‘மரம்’ என்று எழுதிவிட்டேன். அவள் வல்லினத்தை அழுத்தித்தான் உச்சரித்திருந்தாள். என் காதுதான் மழுங்கல். திரும்ப வாசித்துக் காட்டும்போதும் நான் ‘மரம்’ என்றும் ‘மறம்’ என்றும் ஒரே மாதிரிதான் வாசித்திருப்பேன், ஆகவே அவளுக்குப் பிழை பிடிபட வழியில்லை. மூன்றாவது பத்தியில் எனக்கே சந்தேகம் வந்து கேட்டபோது, “வல்லின றகரம் சார்” என்றாள். முன்னால் போய் நான்கு இடத்தில் அடித்துத் திருத்தினேன். திருத்தாமல் விட்டிருந்தால் அந்தப் பிழை அவள் கணக்கில்தான் ஏறியிருக்கும்; திருத்துபவர் கையில் இருக்கும் தாளில் எழுதியவன் பெயர் இல்லை.

இன்னொன்று, என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொள்வதற்காக. ‘மனம்’ என்று வந்தது. “மூன்று சுழியா, இரண்டு சுழியா?” என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குச் சுழியே கிடையாது சார், புள்ளிதான். றன்னகரம்னு எழுதிக்கோங்க” என்றாள். பிரெய்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆறு புள்ளிகளுக்குள் தனித்தனி அமைப்பு உண்டு; ணகரமும் னகரமும் விரலுக்கு வெவ்வேறு. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களை அந்தப் பிள்ளைகள்தான் இன்னமும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த நான், சுழியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

26 ஏப்ரல் 2025

“சரி, விடை தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் உதவாமலா இருப்பார்?” இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வராவிட்டால் நானே எழுப்பியிருப்பேன்.

அந்தந்தப் பாடம் நடத்தாத ஆசிரியரைத்தான் அனுப்புவார்கள். எங்கள் மாவட்டத்தில் தொடக்கப் பள்ளியிலிருந்து என்னைப் போன்றவர்களை எடுத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் பத்தாம் வகுப்பு வரலாறு எந்த ஆசிரியருக்குத்தான் முற்றிலும் தெரியாது? ஒரு மாணவன், மருது சகோதரர்கள் திருப்பத்தூர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட ஆண்டு 1799 என்று சொன்னான். 1799 கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட ஆண்டு. மருது சகோதரர்களுக்கு 1801. நான் வாய் திறக்கவில்லை. கண்காணிப்பாளரும் எதிரில்தான் இருந்தார். ஆனால் என் பேனா நின்றுவிட்டது. ஒரு நொடி, இரண்டு நொடி இருக்கும். தாளில் முள் உரசும் சத்தம் நின்றதை அவன் கேட்டுவிட்டான். “இல்ல சார், 1801னு எழுதுங்க” என்றான்.

கண்காணிப்பாளர் எதையும் பார்க்கவில்லை. பார்க்க அங்கே எதுவும் இல்லை. அன்று மாலை பேருந்தில் வரும்போது நான் செய்தது உதவியா, ஏமாற்றா என்று முடிவு செய்ய முடியாமல் வந்தேன். அடுத்த தேர்விலிருந்து, சொல்வது தவறாகவே இருந்தாலும் ஒரே வேகத்தில் எழுதுவதென்று பழகிக்கொண்டேன். சரியான விடையைத் தப்பாக எழுதுவதைவிட, தப்பான விடையைத் தடையில்லாமல் எழுதுவதற்குத்தான் கைக்கு அதிகப் பயிற்சி தேவைப்படுகிறது.

ஆகவே கேள்வி கேட்டவரின் சந்தேகத்தில் ஒரு பங்கு நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். நான் சுத்தமான குழாய் அல்லேன்.

29 ஏப்ரல் 2025

கணிதம் பற்றிச் சுருக்கமாக. “ஏ கூட்டல் பி யின் வர்க்கம்” என்று சொன்னால் இரண்டையும் கூட்டி வர்க்கமாக்குவதா, பி யை மட்டுமா? முதல் தடவை நான் ஒன்றை எழுத, மாணவி நினைத்தது மற்றொன்று. அதன்பின் “அடைப்பு திற, அடைப்பு மூடு” என்று சொல்லிக்கொள்வதென்று தேர்வு தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம். ஓரத்தில் கிறுக்கிக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை. டெய்லர் சட்டம் (பார்வையற்றோர் கணக்குப் போடும் துளைப்பலகை) கொண்டுவருபவர்கள் அதில் உலோகக் கட்டைகளைச் செருகிக் கணக்கிடுவார்கள், மற்றவர்கள் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். உங்கள் மகன் தவறவிட்ட அந்த வரைபடத்தை வாய்மொழியாகச் சொல்லி எழுதவைப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாள் வீட்டில் முயன்று பாருங்கள். சி.பி.எஸ்.இ. சமூக அறிவியல் தாளில் நிலவரைபட வினாவுக்குப் பதிலாகப் பார்வையற்றோருக்கென்று தனி வினா அச்சிடுகிறார்கள். கூடுதல் நேரத்தால் தீராத இடங்களில் தாளையேதான் மாற்ற வேண்டியிருக்கிறது.

4 மே 2025

முதல் குறிப்பில் ‘நான்கு மணி நேரம்’ என்று எழுதியிருந்தேன். ஆணையில் இருப்பது நான்கு மணி நேரம். அறையில் கிடைப்பது வேறு.

ஒன்பது தேர்வுகளில் ஐந்து முறை எங்களுக்குத் தந்தது வகுப்பறையே அல்ல. சத்தம் போட்டு வாசிப்பதால் மற்றவர்களோடு உட்கார வைக்க முடியாது, அது புரிகிறது. ஆனால் அதற்கு மாற்றாகக் கிடைத்தது விளையாட்டுச் சாமான் அறை, ஒரு முறை பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே, ஒரு முறை சத்துணவுக் கூடத்தை ஒட்டிய தாழ்வாரம். சாம்பார் தாளிக்கும் வாசனையில் இருவருக்கும் பசி எடுத்தது. அதை மட்டும் சமத்துவம் என்று சொல்லலாம்.

ஒன்றேகாலுக்கு மணி அடிக்கும். மற்ற பிள்ளைகள் விடையைச் சரிபார்த்துக்கொண்டே கூச்சலோடு படியிறங்குவார்கள். விடைத்தாள்களை எண்ணிக் கட்டி உறையிடும் வேலை எங்கள் ஒருவருக்காகக் காத்து நிற்கும். கண்காணிப்பாளர் வாசலுக்கு வந்து நிற்பார், எதுவும் சொல்லமாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது. ஆனால் வாசலில் ஒருவர் நிற்பது தெரியும், மூச்சு விடுவது தெரியும், சாவிக்கொத்து சத்தம் போடுவது தெரியும். ஊருக்குப் போகும் ஒரே பேருந்து இரண்டு மணிக்கு. “போதும் சார், முடிச்சுக்கலாம்” என்று ஒன்றரைக்கே எழுந்த மாணவர்கள் எனக்கு மூன்று பேர். இன்னும் நாற்பத்தைந்து நிமிடம் இருக்கிறது என்று நான் சொன்னேனா? ஒருவரிடம் சொன்னேன். மற்ற இருவரிடம் சொல்லவில்லை, எனக்கும் பசித்தது.

இது ஏதோ எங்கள் பக்கத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் நடந்த நீட் தேர்வில், எழுத்துக் குறைபாடு கொண்ட ஒரு மாணவிக்குச் சட்டப்படி ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. ஆனாலும் அவரது விடைத்தாளை மற்றவர்களுடையதோடு சேர்த்து அதே நேரத்தில் வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தவறு தேசியத் தேர்வு முகமையுடையது என்று அந்த நவம்பரில் தீர்ப்பு வந்தது; அதே சமயம் அவருக்காக மறுதேர்வு நடத்த நீதிமன்றம் உத்தரவிடவில்லை, இழப்பை எவ்வாறு ஈடுகட்டலாம் என்று ஆராயும்படி முகமையிடமே சொன்னது. பறித்த ஒரு மணி நேரத்தை எந்த அலகில் திருப்பிக் கொடுப்பது என்பதற்கு நீதிபதிகளிடமும் நேரான விடை இருக்கவில்லை.

9 மே 2025

இன்னொரு திருத்தம், இது சொல்லைப் பற்றியது. முதல் குறிப்பில் நானே ‘சலுகை’ என்று எழுதிவிட்டேன். துறைச் சுற்றறிக்கைகளில் அந்தச் சொல்தான் இருக்கும், நாக்கில் ஏறிவிட்டது. கேள்வி கேட்டவர் இரக்கத்தையும் தேர்வையும் முடிச்சுப் போட்டதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. சலுகை என்றால் கொடுப்பவர் விரும்பினால் கொடுக்கலாம். வாங்குபவர் நன்றியோடு இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர், எனக்கு ஏன் இல்லை என்று கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் செய்ய வேண்டிய மாற்றங்களில் கூடுதல் நேரத்தையும் எழுதுபவர் வசதியையும் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. ஒன்றிய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம் தர வேண்டும் என்றது. மூன்று மணி நேரத் தாளுக்கு அறுபது நிமிடம் என்று கணக்கு சரியாக வந்து நிற்கிறது. ‘ஈட்டு நேரம்’ என்பதைக் கவனியுங்கள். இழந்ததற்கு ஈடு.

நாற்பது விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு என்றால் எழுதுபவர் கிடையாது என்றொரு வழக்கம் நெடுநாள் இருந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நிலை கொண்ட ஒரு மருத்துவப் பட்டதாரிக்குக் குடிமைப் பணித் தேர்வில் அந்தக் காரணத்தைச் சொல்லி எழுதுபவரை மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது: நாற்பது என்ற வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கானது, எழுத முடியாதவர் எழுதுவதற்கான ஏற்பாட்டை அந்த எண்ணைக் காட்டி மூட முடியாது. யாராவது தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சம் உண்மையாகத் தேவைப்படுபவருக்கு மறுக்கக் காரணமாகாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை ஒட்டி 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்தது.

சட்டம் பேசியது போதும். இனி ‘சலுகை’ என்று எழுதினால் யாராவது குட்டுங்கள்.

16 மே 2025

இன்று முடிவுகள் வந்துவிட்டன. கேள்வி கேட்டவரின் மகன் 463 வாங்கியிருக்கிறான், கணிதத்தில் 91. பையனுக்கு என் வாழ்த்துகள். தந்தை விடவில்லை: “அந்த வரைபடத்தை முடித்திருந்தால் 99. ஆகவே அவனுக்கும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் கேட்டால் என்ன சொல்வீர்கள்?”

கேலியாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று எடுத்து வைத்தேன். யோசிக்கவே தேவையில்லை, அவர் சொல்வது சரி. கொடுக்கலாம்.

இதே பத்தாம் வகுப்புத் தேர்வு முன்பு இரண்டரை மணி நேரம். 2019-20 கல்வியாண்டு முதல் மூன்று மணி நேரமாக்கினார்கள். (கொரோனா வந்து 2020, 2021 இரண்டு ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்காமல் போனது, நீட்டிய அரை மணி நேரத்தை 2022இல்தான் பிள்ளைகள் அனுபவித்தார்கள்.) எல்லோருக்கும் முப்பது நிமிடம் கூடியபோது மதிப்பெண்ணின் மதிப்பு குறைந்துவிட்டதென்று எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு முன் தேறியவர்கள், எங்களுக்கு இரண்டரை மணி நேரம்தானே இருந்தது என்று வழக்குப் போடவும் இல்லை. தேர்வு எதை அளக்க வேண்டும்? வரைபடம் போடத் தெரியுமா என்பதையா, நூற்று எண்பதாவது நிமிடத்துக்குள் போடத் தெரியுமா என்பதையா? முதலாவது என்றால் உங்கள் மகனுடைய அழுகை நியாயமானது. ஆனால் அந்த அழுகைக்குக் காரணம் தரைத்தள அறையில் இல்லை, தாளின் நீளத்தில் இருக்கிறது.

இவ்வளவு நாளும் அவளுக்கு ஏன் அதிகம் என்பதற்கே நான் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் என்பதை மட்டும் கேள்வி கேட்காமலேயே ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

25 மே 2025

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். “பார்வையற்றவர்களை விடுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் நன்றாகத்தான் இருக்கிறான், கிரிக்கெட் ஆடுகிறான், கைப்பேசியில் நாள் முழுக்க இருக்கிறான். டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் கற்றல் குறைபாடு, என்று சான்றிதழ் வாங்கி ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு. வசதி உள்ளவர்களின் வேலை இது.”

பாதி உண்மை. அந்தச் சான்றிதழுக்கு யாரை அணுகுவது, எப்போது விண்ணப்பிப்பது என்பதெல்லாம் தெரிந்த பெற்றோருக்குத்தான் அது கிடைக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை என்று அதற்குப் பொருளாகாது. தெரியாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அதே குறை இருக்கிறது, அவர்களுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம் என்றுதான் பொருள். அந்தப் பெயரை நான் வைத்த கதையைச் சொல்கிறேன்.

2003 என்று நினைவு. நான்காம் வகுப்பில் ஒரு பையன். கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாய் பிளந்து கேட்கும். ஆறு கிலோ தக்காளி, கிலோ நான்கரை ரூபாய் என்றால் நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் “இருபத்தேழு” என்பான். எழுதச் சொன்னால் மட்டும் எல்லாம் சிதறிவிடும். ‘கோழி’ என்பதில் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவான். ‘தலை’யில் ஐகாரம் லகரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். யோசித்துப் பார்த்தால் அவன் எழுதியதில் ஒரு நியாயம் இருந்தது, பின்னால் ஒலிப்பதை முன்னால் எழுது என்று சொன்னவர்கள் நாம்தான். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. வாய் இவ்வளவு பேசுகிறதே, கை மட்டும் ஏன் வராது, கொழுப்பு என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு பிழைக்கும் நூறு தடவை எழுதச் சொன்னேன். நூறையும் எழுதிக்கொண்டு வருவான், நூறும் தப்பாக இருக்கும், நூறும் வெவ்வேறு விதத்தில் தப்பாக இருக்கும். அதுவே எனக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ‘மக்கு’ என்ற சொல்லை வகுப்பில் முதலில் சொன்னது நான்தான். பிள்ளைகள் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

சட்டத்தின் மேல் பழி போட இடமிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995 சட்டத்தின் ஏழு வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடு இல்லை. 2016 சட்டம் அதை இருபத்தொன்றாக விரித்தபோதுதான் அது உள்ளே வந்தது. எனக்கு ஆசிரியர் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் அடிக்கச் சொல்லியும் யாரும் சொல்லித்தரவில்லை. அதை நானே கற்றுக்கொண்டேன்.

எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். சென்ற ஆண்டு ஒரு வங்கியில் சந்தித்தேன். நின்று பேசினான், பழசு எதையும் எடுக்கவில்லை. பிறகு கையில் இருந்த படிவத்தை நீட்டி, “சார், இத மட்டும் கொஞ்சம் எழுதிக் குடுத்திருங்க” என்றான். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர், தந்தை பெயர், முகவரி, தொகை. தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் என்னைவிட வேகமாகச் சொன்னான்.

26 மே 2025

ஒன்பது முறை என்று ஏப்ரலில் திருத்தியிருந்தேன். பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3 ஜூன் 2025

பேனா நின்ற கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதைப் படித்த ஒருவர், “நல்லவேளை, அந்தப் பையனுக்கு ஒரு மதிப்பெண் கிடைத்தது” என்று எழுதியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறந்து விட்டதல்ல, தள்ளி வைத்தது.

ஒரு மாணவி, வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு 1806 என்று சொன்னாள். சரியான விடை. சரியாக அந்த இடத்தில் என் பேனாவில் மை தீர்ந்தது. உதறிப் பார்த்தேன், பையைத் துழாவி வேறொன்றை எடுத்தேன். அதற்குள் அவள், “சார், 1801ன்னு மாத்திருங்க” என்றாள். அப்போது எனக்குப் புரியவில்லை. சொன்னதை எழுதுவது என் வேலை என்று 1801 என்றே எழுதினேன். மறு ஆண்டு அந்தப் பையன் விடையை மாற்றிய கணத்தில்தான், இவள் ஏன் மாற்றினாள் என்பது உறைத்தது. அவளும் என் நிறுத்தத்தைத்தான் படித்திருக்கிறாள். தப்பாகச் சொல்லிவிட்டோம், சார் தயங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள்.

ஒருவருக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தேன், ஒருவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினேன், இரண்டும் வாயைத் திறக்காமலேயே. கணக்கு நேராகிவிட்டதென்று சொல்ல முடியாது; மதிப்பெண் இழந்தவளும் பெற்றவனும் ஒரே ஆள் இல்லை. பக்கத்தில் ஆசிரியர் இருப்பது ஆதாயம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது கதையையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

15 நவம்பர் 2025

பேச்சு ஓய்ந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இதை இங்கேதான் எழுத வேண்டும்.

கல்லூரித் தேர்வுகளில் பெரும்பாலும் மாணவர்களே எழுதுபவரைத் தேடிக்கொள்ள வேண்டும். அப்படிக் கூட்டிவருபவர் தேர்வரைவிட ஒரு படி குறைந்த படிப்பு படித்தவராக இருக்க வேண்டும் என்றது 2018 வழிகாட்டுதல். நான் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். என் பட்டங்களே எனக்குத் தடை. ஆகவே இளங்கலை வரலாறு படிக்கும் ஒரு பார்வையற்ற மாணவிக்காக, பிளஸ் ஒன் படிக்கும் எங்கள் எதிர்வீட்டுப் பெண் இன்று போனாள். சனிக்கிழமை, பள்ளி விடுமுறை.

நேற்று மாலை அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். டண்ணகரம், றன்னகரம் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல், வாசலில் யார் நின்றாலும் எழுந்திருக்காதே என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன ஆனாலும் பேனாவை நிறுத்தாதே, ஒரே வேகத்தில் எழுது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

மதியம் வந்தாள். எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

“நீங்க சொன்னத அந்த அக்காகிட்ட சொன்னேன் தாத்தா. சிரிச்சாங்க. அதெல்லாம் முடியாதும்மா, கை வலிச்சா நிறுத்து, ஆனா நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு சொல்லிரு, கை வலிக்குது, மை தீந்துட்டு, பக்கம் திருப்புறேன், இப்படி எதுனாலும் சொல்லிட்டே இருன்னாங்க. நாலு மணி நேரமும் சொல்லிட்டே இருந்தேன்.”

ஒன்பது தேர்வுகளில் ஒரு தடவைகூட ‘மை தீர்ந்துவிட்டது’ என்று நான் சொல்லவில்லை.